ரேட்ஸ் அவரவர் விருப்பமா?

எஃப்பிவி ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர் சிமுலேட்டரை விட்டு மைதானத்துக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ரேட்ஸ் எவ்வளவு வைப்பது என்பது. எங்கே கேட்டாலும் பதில் ஒன்றாகவே இருக்கிறது. அது அவரவர் விருப்பம். இதில் சரி, தவறு கிடையாது. நன்றாக ஓட்டுகிற யாருடைய எண்களையாவது எடுத்துப் போட்டுக்கொள், கை பழகிவிடும். பழகிய பிறகு தொடாதே. மோட்டாரின் கேவி, புரொப்பெல்லரின் பிட்ச், பிஐடியில் டி மதிப்பு, ஃபில்டரின் அதிர்வெண் என்று மற்ற எல்லாவற்றுக்கும் அளந்து பார்த்துக் காரணம் சொல்கிறவர்களே, மனிதக் கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த ஒரு கண்ணியை மட்டும் காரணம் கேட்கக்கூடாத இடமாக விட்டுவிடுகிறார்கள். இதை நான் முழுதாக மறுக்கிறேன். விருப்பத்துக்கு இதில் இடம் உண்டு. ஆனால் அது கடைசியில் மிஞ்சுகிற சிறிய இடம். அதற்கு முன்பே விரலின் நடுக்கமும் கேமராவின் சாய்வும் ட்ரோனின் வலுவும் செய்யப்போகும் வேலையும் சேர்ந்து பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகின்றன. அந்தத் தீர்மானத்தைக் கணக்குப் போட்டும், பறந்த பதிவைப் பார்த்தும் கண்டுபிடித்துவிடலாம்.

ரேட்ஸ் என்பது என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே நியாயம். ஆக்ரோ நிலையில் ஸ்டிக்கை நகர்த்தினால் ட்ரோன் இத்தனை டிகிரி சாய வேண்டும் என்று ஃபிளைட் கன்ட்ரோலருக்குச் சொல்வதில்லை. வினாடிக்கு இத்தனை டிகிரி வேகத்தில் சுழல வேண்டும் என்று சொல்கிறோம். ஸ்டிக் நடுவில் இருந்தால் சுழற்சி பூச்சியம், விளிம்பில் இருந்தால் உச்சவேகம். இடையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த வேகம் என்பதைச் சொல்லும் வளைகோடுதான் ரேட்ஸ். ஃபிளைட் கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருளான பீட்டாஃபிளைட்டில் அந்தக் கோட்டை வரைய ஐந்து முறைகள் இருக்கின்றன: பீட்டாஃபிளைட், ரேஸ்ஃபிளைட், கிஸ், ஆக்சுவல், குயிக். ஐந்திலும் மூன்று எண்களைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த மூன்று எண்களுக்கும் ஒவ்வொரு முறையிலும் வேறு வேறு பொருள். பேச்சில் அடிபடுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று, உச்சவேகம். எழுநூறு வைத்திருக்கிறேன், ஆயிரம் வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்வது அதைத்தான். கோட்டின் கடைசிப் புள்ளியை மட்டும் சொல்லிவிட்டு, கோடு எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லாமல் விடும் பேச்சு இது.

பீட்டாஃபிளைட்டின் சொந்த வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பழைய பீட்டாஃபிளைட் முறையில் வெகுகாலம் இயல்பாக வந்த மதிப்பு ஆர்சி ரேட் 1.0, சூப்பர் ரேட் 0.70, எக்ஸ்போ 0. ஸ்டிக்கை விளிம்புவரை தள்ளினால் வினாடிக்கு 667 டிகிரி. 2022இல் வந்த 4.3 பதிப்பில் ஆக்சுவல் முறையை இயல்பாக்கினார்கள். அதில் மைய உணர்திறன் 70, உச்சவேகம் 670, எக்ஸ்போ 0. உச்சவேகம்தான் ரேட்ஸ் என்றால் இந்த மாற்றத்தில் எதுவுமே மாறவில்லை. கோட்டின் மற்ற புள்ளிகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஸ்டிக் பத்தில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும்போது பழைய கோடு வினாடிக்கு 22 டிகிரி கேட்கிறது, புதியது 13. முப்பது சதவீதத்தில் இரண்டும் 75க்குப் பக்கத்தில் சந்திக்கின்றன. பாதி ஸ்டிக்கில் பழையது 154, புதியது 185. முக்கால் ஸ்டிக்கில் பழையது 316, புதியது 390. தொடக்கத்திலும் முடிவிலும் கைகோத்து நிற்கும் இரண்டு கோடுகள் நடுவழியில் இவ்வளவு விலகுகின்றன. கதவிடுக்கில் நுழைவது, மரக்கிளைகளுக்கு நடுவே போவது, தரைக்கு ஒட்டினாற்போல் நேராகப் பறப்பது எல்லாம் நடப்பது அந்த நடுவழியில்தான். விளிம்பு வேலை செய்வது ஃபிளிப்பும் ரோலும் அடிக்கும் சில கணங்களில் மட்டும்.

இந்தக் கணக்கை விரலுக்குக் கொண்டுவந்தால் வேற்றுமை இன்னும் துலங்கும். கிம்பலில் ஸ்டிக்கின் முனை மையத்திலிருந்து விளிம்புவரை பதினான்கு மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிக்கின் நீளத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். என்றாலும் பெரும்பாலான ரேடியோக்களில் ஏறக்குறைய இந்த அளவுதான். அப்படியென்றால் மையத்தையொட்டிக் கட்டைவிரல் ஒரு மில்லிமீட்டர் தவறினால், 4.3இன் கோட்டில் வினாடிக்கு 8 டிகிரி பிழை வரும். பழைய கோட்டில் 15. வளைவே வேண்டாம், நேர்க்கோடுதான் தூய்மையானது என்று சிலர் வாதாடுகிறார்களே, அந்த நேர்க்கோட்டில் அதே உச்சவேகத்துக்கு அதே ஒரு மில்லிமீட்டர் 48 டிகிரி. விளிம்பில் நிலைமை தலைகீழ்: கடைசி மில்லிமீட்டரில் பழைய கோடு 130 டிகிரிக்கு மேல் எகிறுகிறது, புதியது 90க்குச் சற்றுக் குறைவு, நேர்க்கோடு அதே 48. மனிதக் கட்டைவிரலின் நடுக்கம் கோட்டுக்குக் கோடு மாறுவதில்லை. அந்த நடுக்கத்தை எங்கே பெருக்குவது, எங்கே சுருக்குவது என்பதைக் கோடு தீர்மானிக்கிறது. நேராகப் பறக்கும்போது ஆறு மடங்கு நடுக்கம் வேண்டுமா என்று கேட்டால் யாரும் விருப்பத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

இதில் ஃபீட்ஃபார்வர்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டிக் இருக்கும் இடத்தை மட்டுமல்ல, கேட்கப்படும் சுழற்சி எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையும் பார்த்து மோட்டாரை முன்கூட்டியே தள்ளும் ஏற்பாடு அது. கோடு செங்குத்தாக இருக்கும் இடத்தில் விரலின் சின்ன அசைவு பெரிய மாற்றமாகத் தெரியும். ஃபீட்ஃபார்வர்ட் அதை அப்படியே மோட்டாருக்கு அனுப்பும். வீடியோவில் தெரியும் பொடி உதறலுக்கு பிஐடியை நோண்டி, ஃபில்டரை இறக்கி, ஃப்ரேமைச் சந்தேகித்து அலைகிறவர்கள் பலர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு உதறல் வருவது தங்கள் விரலிலிருந்து, கோட்டின் செங்குத்தான பகுதி வழியாக. ரேட்ஸை விருப்பம் என்று ஒதுக்கிவைத்துவிட்டதால் அந்தப் பக்கம் தேட அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

அடுத்து, நல்ல பைலட்டின் எண்களை எடுத்துப் போட்டுக்கொள் என்ற அறிவுரை. முதலில், எண் என்பது கோடு அல்ல. பழைய முறையின் 1.0, 0.70, 0 என்பதையும் ஆக்சுவல் முறையின் 200, 670, 0.54 என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். வரைந்து பார்த்தால் ஏறத்தாழ ஒரே கோடு. முக்கால் ஸ்டிக்கில் வேற்றுமை ஒரு டிகிரி. மறுபக்கம், ஒரு முறையில் 0.7 என்று இருப்பதைப் பார்த்து இன்னொரு முறையில் 0.7 போட்டால் வருவது வேறு ட்ரோன். கேள்விப்பட்ட எண்களை முறையின் பெயர் இல்லாமல் கைமாற்றிக்கொள்வது, அலகு சொல்லாமல் மருந்தளவு சொல்வதற்குச் சமம். இதைச் சரிசெய்து, முறையையும் சேர்த்துச் சரியாக நகலெடுத்தாலும் பாதிதான் வந்து சேர்கிறது. அந்தப் பைலட் ஸ்டிக்கைக் கட்டைவிரல் நுனியால் தள்ளுகிறாரா, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாகப் பிடித்து ஓட்டுகிறாரா? ஸ்டிக்கின் முனையை எவ்வளவு உயர்த்தி வைத்திருக்கிறார்? கிம்பலின் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம்? ஸ்டிக் முனையைச் சில மில்லிமீட்டர் உயர்த்தினாலே விளிம்புவரையான தூரம் கூடி, ஒவ்வொரு மில்லிமீட்டரின் எடையும் குறைந்துவிடும். இவையெல்லாம் ரேட்ஸின் மறுபாதி. திரையில் தெரிவதை மட்டும் நகலெடுக்கிறவர் இந்த மறுபாதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

நகலெடுப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத பெரிய விஷயம் கேமராவின் சாய்வு. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விருப்பம் என்ற வாதம் இங்கே முற்றாக உடைகிறது. வேகமாகப் பறக்கும் ட்ரோன் முன்பக்கம் குனிந்துதான் பறக்கும். அந்தக் குனிவை ஈடுகட்டிக் கண்ணுக்கு அடிவானம் நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்துகிறார்கள். இப்போது ஓட்டுகிறவர் அணியும் கண்ணாடியில் தெரியும் காட்சி சாயாமல் இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்றால், ட்ரோன் தன் உடலின் யா அச்சில், அதாவது இடவலமாகத் திருப்பும் அச்சில், மட்டும் சுழன்றால் போதாது. உடல் குனிந்திருப்பதால் ரோலும் சேர வேண்டும். எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை, அது முக்கோணவியல். சாய்வு 20 டிகிரி என்றால் யாவின் 0.36 மடங்கு ரோல். 45 டிகிரி என்றால் இரண்டும் சமம். 50 டிகிரி என்றால் யாவைவிட ரோல் கூட, ஏறக்குறைய 1.19 மடங்கு. இந்த விகிதம் இரண்டு கட்டைவிரல்களுக்கு இடையே நடக்க வேண்டிய ஒத்துழைப்பு. ரோலுக்கும் யாவுக்கும் வைத்திருக்கும் கோடுகள் அந்த விகிதத்துக்கு ஒத்துப்போனால், ஒரு திருப்பத்துக்கு இரண்டு விரலும் ஏறக்குறைய ஒரே தூரம் நகர்ந்தால் போதும். ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விரல் ஓட, மற்றது தவழ வேண்டும். ரேஸில் 50 டிகிரி சாய்வில் ஓட்டுகிறவரின் ரோல், யா எண்களை, 20 டிகிரியில் கேமரா வைத்து மெதுவாகப் படமெடுக்கும் ட்ரோனுக்கு நகலெடுத்தால், வந்து சேர்வது மூன்று மடங்குக்கு மேல் பிசகிய விகிதம். பீட்டாஃபிளைட்டில் கேமரா சாய்வுக்கு ஏற்ப யாவையும் ரோலையும் தானாகக் கலக்கும் ஒரு நிலை இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒன்றை எழுத முடிந்திருக்கிறது என்பதே, இந்த விகிதம் யாருடைய விருப்பத்துக்கும் கட்டுப்படாதது என்பதற்குப் போதுமான சாட்சி.

இனி எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். கை எதற்கும் பழகிவிடும் என்கிறார்கள். உண்மைதான். விமானக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சியில் இது அறுபதுகளிலேயே அளந்து நிறுவப்பட்டது. டூவேன் மெக்ரூயரும் அவருடன் உழைத்தவர்களும் பைலட்டையும் இயந்திரத்தையும் ஒரே வளையமாக வைத்து அளந்தபோது, இயந்திரத்தின் உணர்திறன் கூடினால் மனிதர் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறார், அது குறைந்தால் கூட்டிக்கொள்கிறார், மொத்த வளையம் ஏறத்தாழ ஒரே மாதிரி நடக்கிறது என்று கண்டார்கள். ஆனால் ஆராய்ச்சி அங்கே நிற்கவில்லை. பழகிக்கொள்கிறார் என்று பார்த்தவர்கள் அடுத்து, பழகிக்கொள்ள என்ன விலை கொடுக்கிறார் என்று கேட்டார்கள். 1969இல் ஜார்ஜ் கூப்பரும் ராபர்ட் ஹார்ப்பரும் நாசா வெளியீடாகக் கொண்டுவந்த மதிப்பீட்டு அளவுகோல் இன்றும் புதிய விமானங்களைச் சோதிக்கும்போது பயன்படுகிறது. ஒன்றிலிருந்து பத்துவரை போகும் அந்த அளவில் பைலட்டிடம் வைக்கப்படும் மையக் கேள்வி, வேலை முடிந்ததா என்பது மட்டும் அல்ல. அதை முடிக்க நீங்கள் எவ்வளவு ஈடுகட்ட வேண்டியிருந்தது என்பதும்தான். ஈடுகட்டும் உழைப்பு கூடக்கூட மதிப்பெண் மோசமாகிறது. பழகிக்கொள்வதை அவர்கள் இலவசமாகக் கருதவில்லை. கவனத்திலிருந்து கழிக்கப்படும் செலவாகக் கணக்கில் வைத்தார்கள். ட்ரோன் ஓட்டுகிறவருக்கும் கவனம் அளவோடுதான் இருக்கிறது. ஸ்டிக்கைத் திருத்திக்கொண்டே இருப்பதில் அதைச் செலவழிக்கிறவருக்கு பந்தயத்தில் நுழைந்து கடக்க வேண்டிய அடுத்த கேட் எங்கே, காற்று எந்தப் பக்கம், பேட்டரி எவ்வளவு என்பதற்கு மிச்சம் குறைவு.

பழகிக்கொள்வதற்கு எல்லையும் உண்டு. அந்த எல்லை எப்படித் தெரியவந்தது என்பதற்கு விமான வரலாற்றில் தெளிவான ஓர் உதாரணம் 1974 ஜனவரி 20 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் நடந்தது. பின்னாளில் எஃப்-16 ஆக உலகம் முழுக்கப் பறந்த விமானத்தின் முன்மாதிரியான ஒய்எஃப்-16, அன்று ஓடுபாதையில் வேகமாக ஓடிப் பார்ப்பதற்கு மட்டுமே வெளியே எடுக்கப்பட்டது. பறக்கும் திட்டம் இல்லை. ஓட்டியவர் ஃபில் ஓஸ்ட்ரிக்கர், அனுபவமுள்ள சோதனை விமானி. அந்த விமானத்தின் ஸ்டிக் பக்கவாட்டில் இருந்தது, அசையவே அசையாது. கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளந்து கணினிக்கு அனுப்பும். மூக்கு சற்று உயர்ந்ததும் விமானம் ஒரு பக்கம் சரிய, அவர் திருத்த, திருத்தம் மிகையாகி மறுபக்கம் சரிய, மறுபடி திருத்த, இப்படி ஆட்டம் பெரிதாகி விமானத்தின் வால் பகுதி தரையில் உரசியது. ஓடுபாதையை விட்டு விலகிக்கொண்டிருந்த விமானத்தைக் காப்பாற்ற ஒரே வழி பறப்பதுதான் என்று முடிவெடுத்து மேலே எழுப்பி, ஆறு நிமிடம் கழித்துப் பத்திரமாக இறக்கினார். முக்கியக் காரணமாக அடையாளம் காணப்பட்டது ரோலின் மிகையான உணர்திறன். அதைக் குறைத்த பிறகுதான் பிப்ரவரி 2 அன்று முறையான முதல் பறப்பு நடந்தது. அசையாத ஸ்டிக்கும் நிலைக்கவில்லை. கைக்கு உணர்வு கிடைக்க வேண்டும் என்று பின்னர் அதைச் சிறிதளவு அசையும்படி மாற்றினார்கள். ஓஸ்ட்ரிக்கரின் கை திறமையில் குறைந்ததல்ல. உனக்கு இன்னும் பழகவில்லை, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. எண்ணைத் திருத்தினார்கள். புதிதாக ட்ரோன் ஓட்டுகிறவர் கேட்டுக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆடும்போது அவருக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை மறுக்கப்படுகிறது?

எதிர்த்தரப்பின் நிலைப்பாட்டுக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். கை எதற்கும் எளிதில் பழகும், ஆகவே எந்த எண்ணையும் போடலாம் என்கிறார்கள். அதே மூச்சில், எண்ணை மாற்றாதே, மாற்றினால் கைப்பழக்கம் எல்லாம் வீணாகும் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. எளிதில் பழகும் என்றால் மாற்றுவதில் நட்டம் குறைவு. மாற்றினால் பெருநட்டம் என்றால் முதல் எண்ணை ஏனோதானோவென்று தேர்ந்தெடுப்பது பெருந்தவறு. கையசைவுப் பயிற்சி பற்றிய ஆய்வுகள் இதில் தெளிவாகவே பேசுகின்றன: கையின் அசைவுக்கும் திரையில் தெரியும் அசைவுக்கும் உள்ள அளவு விகிதத்தை மாற்றினால் மனிதர்கள் அதை விரைவாகக் கற்றுக்கொள்கிறார்கள், ஒரு திசையில் கற்றது மற்றத் திசைகளுக்கும் பரவுகிறது. திசையையே திருப்பிவிட்டால்தான் கற்பது மெதுவாகிறது, பரவுவதும் குறைகிறது. ரேட்ஸை மாற்றுவது முதல் வகை. ஆகவே பத்துப் பதினைந்து சதவீதம் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறவர் கைப்பழக்கத்தை இழந்துவிடமாட்டார். ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு புது எண் என்று தாவுகிறவருக்கு எந்த எண்ணைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்காது, அந்த எச்சரிக்கை மட்டும் நியாயமானது.

சாம்பியன்களே ஆளுக்கொரு ரேட்ஸில் ஓட்டி வெல்கிறார்களே, அப்புறம் என்ன சரி, என்ன தவறு என்று கேட்பார்கள். வென்றவர்கள் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பொருந்தாத எண்ணோடு போராடித் தேங்கி நின்றவர்கள் தெரியவில்லை. தவிர, வென்றவர்களின் ஸ்டிக் நீளம், பிடிக்கும் முறை, கேமரா சாய்வு, ட்ரோனின் எடை எல்லாமும் ஆளுக்கொன்றுதானே? உள்ளே போகும் அளவுகள் வேறாக இருக்கையில் வெளியே வரும் விடை வேறாக இருப்பது, விடையே கிடையாது என்பதற்குச் சான்றாகாது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியவர்கள் தங்களை அறியாமலேயே சிறுசிறு திருத்தங்களால் தங்கள் அளவைக் கண்டடைந்திருக்கிறார்கள். அந்தப் பயணத்தின் கடைசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, அவர்கள் வந்த வழியை விட்டுவிடுவதில் என்ன பயன்?

உச்சவேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, அதற்கு மேல் அது தகுதியானதல்ல. இன்று ஃபிளைட் கன்ட்ரோலர்களில் இருக்கும் கைரோக்கள் வழக்கமாக வினாடிக்கு 2000 டிகிரிவரை அளக்கும்படி இயக்கப்படுகின்றன. பீட்டாஃபிளைட் கேட்கும் வேகத்தை அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுகிறது. அதற்கு வெகுமுன்னரே பல ட்ரோன்களின் மோட்டார்கள் கேட்ட வேகத்தைக் கொடுக்க முடியாமல் முட்டி நிற்கும். அந்த நிலையில் பிஐடிக்குக் கையிருப்பு ஏதும் இல்லை. மனிதக் கண்ணும் கையும் எதிர்வினை காட்ட வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று எடுத்துக்கொண்டால், 670 வேகத்தில் அதற்குள் ட்ரோன் 134 டிகிரி சுழன்றிருக்கும், 1000 வேகத்தில் 200. இந்த வேகங்களில் ஓட்டுகிறவர் பார்த்துத் திருத்துவதில்லை, மனப்பாடமாக அடிக்கிறார். அதில் பிழையில்லை, ஃப்ரீஸ்டைலுக்கு அது வேண்டும். ஆனால் அதை வைத்து ஒருவரின் திறமையை எடைபோடும் வழக்கம் புதியவர்களை அநாவசியமாக உயர்ந்த எண்ணுக்குத் துரத்துகிறது, அதனால் ட்ரோன்கள் உடைகின்றன.

இதையெல்லாம் அளக்க ஆய்வுக்கூடம் வேண்டாமா என்ற சந்தேகத்துக்குப் பதில் அந்த ஃபிளைட் கன்ட்ரோலரிலேயே இருக்கிறது. பெரும்பாலானவற்றில் பிளாக்பாக்ஸ் உண்டு. ஸ்டிக் எங்கே இருந்தது, அதனால் எவ்வளவு சுழற்சி கேட்கப்பட்டது, கைரோ எவ்வளவு காட்டியது என்பதை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை எழுதிவைக்கிறது. பிஐடி பார்ப்பதற்காக அதைத் திறக்கிறவர்கள் ஸ்டிக்கின் கோட்டைப் பின்னணியாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு கேட்டை நோக்கி நேராக வரும் இரண்டு வினாடியை எடுத்துப் பெரிதாக்கி, ரோலில் கேட்கப்பட்ட சுழற்சியை மட்டும் பாருங்கள். மைய உணர்திறன் பொருந்தியிருந்தால் அந்தக் கோடு பூச்சியத்தையொட்டிச் சின்ன மேடுகளாக, ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு, எழுந்து அடங்கும். மிகையாக இருந்தால் ரம்பப் பல் போல இருக்கும்: வலப்பக்கம் ஒரு கூர், உடனே இடப்பக்கம் ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு கூர், மறுபடி வலம். இரண்டாவது கூர் முதல் கூரை ரத்துச் செய்வதற்காகவே பிறந்தது. அந்த இரண்டும் சேர்ந்து ட்ரோனை எங்கேயும் கொண்டுபோகவில்லை. குறைவாக இருந்தால் வேறு அடையாளம்: திருப்பம் தொடங்கும் இடத்தில் ஸ்டிக் வெகுதூரம் போய்க்கொண்டே இருக்கும், சுழற்சி தாமதமாக எழும், கேட்டின் வெளிப்பக்கத்தை உரசிக்கொண்டு ட்ரோன் போகும். மைய உணர்திறனை வெட்டினால் ட்ரோன் மந்தமாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் சுட்டுவது இந்த இரண்டாவது நோயை. பயம் நியாயமானதே. அதற்கு மருந்தும் அதே பதிவில்தான் இருக்கிறது. விளிம்பைப் பற்றியும் அதே பதிவு சொல்லும்: முழுப் பறப்பிலும் ஸ்டிக் எழுபது சதவீதத்தைத் தாண்டவே இல்லை என்றால் உச்சவேகம் தேவைக்கு மேல் இருக்கிறது, அதைக் குறைத்தால் கோடு முழுவதும் சாந்தமாகும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டிக் விளிம்பில் முட்டி நின்றால் குறைவாக இருக்கிறது.

நான் வைக்கும் வரிசை இதுதான். முதலில் மைய உணர்திறனை, மெதுவான வேகத்தில் நேராகவும் குறுகிய இடைவெளிகளிலும் ஓட்டி, ரம்பப் பல் மறையும்வரை இறக்க வேண்டும். மந்தம் தலைகாட்டினால் ஒரு படி ஏற்ற வேண்டும். ரோலையும் யாவையும் கேமரா சாய்வின் விகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். பிறகு உச்சவேகம், செய்ய நினைக்கும் மிக வேகமான அசைவுக்குப் போதுமான அளவு, அதற்கு மேல் வேண்டாம். எக்ஸ்போ கடைசி, மையமும் விளிம்பும் நிலைத்த பிறகு நடுப்பகுதியின் வயிற்றை உப்பவோ ஒட்டவோ செய்ய மட்டும். டெட்பேண்ட் போட்டு மையத்தின் நடுக்கத்தை மறைப்பது இந்த வரிசைக்கு மாற்றாகாது. அது மையத்தில் ஒரு குழியை வெட்டிவைக்கிறது, விரல் ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கிறது. தேய்ந்த கிம்பலுக்குத் தற்காலிகக் கட்டுப் போடத்தான் அது உதவும்.

இவ்வளவும் ஆன பிறகு மிஞ்சும் இடத்தில் விருப்பம் தாராளமாக ஆளட்டும். ரோல் முடியும் கணத்தில் வீடியோ எவ்வளவு வெடுக்கென்று நிற்க வேண்டும், யா நிதானமாகத் துடைத்துக்கொண்டு போக வேண்டுமா, சட்டென்று திரும்ப வேண்டுமா என்பதெல்லாம் பார்க்கிறவரின் கண்ணுக்கும் ஓட்டுகிறவரின் ரசனைக்கும் உரியது. அங்கே 600க்கும் 750க்கும் நடுவே நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் ரேட்ஸ் எவ்வளவு வைப்பது என்று கேட்டு வரும் புதியவரிடம் அந்த இடத்திலிருந்து தொடங்கக்கூடாது. கேமரா எத்தனை டிகிரி, ஸ்டிக்கை எப்படிப் பிடிக்கிறீர்கள், கடைசியாகப் பறந்த பதிவு கையில் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.